மிடி கன்ட்ரோலரை இசை மென்பொருளோடு இணைத்தல்: கட்டையிலிருந்து ஸ்பீக்கர் வரை

கணினியில் இசை வாசிக்க உதவும், கட்டைகளும் குமிழ்களும் கொண்ட மிடி கன்ட்ரோலரை முதன்முதலாக வாங்கியவர்கள் அதைக் கணினியில் செருகி, ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, ஓசையே வரவில்லையே என்று திகைப்பதுண்டு. கருவியில் பழுது ஏதும் இல்லை; அதற்குச் சொந்தக் குரல் கிடையாது என்பதே காரணம். எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பதை எண்களாக அனுப்பி வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்த எண்களை வாங்கி ஒலியாக மாற்றுவது மென்பொருளுக்குள் இருக்கும் இசைக்கருவி. ஆகவே கன்ட்ரோலரை அமைப்பது என்றால், கட்டையில் கிளம்பும் செய்தி கேபிள், கணினி, மென்பொருளின் மிடி அமைப்பு, டிராக் (ஒவ்வொரு கருவிக்குமான தனி வரிசை), பிளக்இன் எனப்படும் அந்த இசைக்கருவி, ஆடியோ வெளியீடு ஆகியவற்றைக் கடந்து ஸ்பீக்கரைச் சென்றடைய வழி திறந்துவிடுவதுதான். ஏதேனும் கோளாறு வந்தால், செய்தி இந்த வழியில் எங்கே நின்றுபோனது என்று பார்க்க வேண்டும். கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்ப்பதைவிட இது விரைவில் பலன் தரும்.

அந்தச் செய்தியை ஒருமுறை அருகில் பார்த்துவிடுவது நல்லது. நடு சி கட்டையை ஓரளவு அழுத்தமாகத் தட்டினால், கன்ட்ரோலர் 144, 60, 100 என்பது போன்ற மூன்று எண்களை அனுப்புகிறது. 144 என்பது முதல் சேனலில் (ஒரே கேபிளில் செல்லும் தனித்தனித் தடங்களில் முதலாவதில்) ஒரு சுரம் தொடங்குகிறது என்பதற்கான அடையாளம். 60 என்பது நடு சியின் எண். 100 என்பது வெலாசிட்டி, அதாவது கட்டை எவ்வளவு விசையோடு கீழிறங்கியது என்பதன் அளவு. விரலை எடுத்ததும் அதே சுரம் முடிந்தது என்று சொல்லும் மூன்று எண்கள் பின்தொடர்கின்றன. சுர எண், வெலாசிட்டி இரண்டுமே 0 முதல் 127 வரை மட்டுமே செல்லும். சீக்வென்ஷியல் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனத்தின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய, மிடி என்ற இந்த முறையில், 1983 ஜனவரியில் இரு வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒரே கேபிளால் இணைத்துப் பொதுமக்கள் முன் வாசித்துக் காட்டினார்கள். இன்றைய யூஎஸ்பி கீபோர்டும் அடிப்படையில் அதே மூன்று எண்களைத்தான் அனுப்புகிறது.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எண் 60 எல்லா இடத்திலும் ஒன்றே என்றாலும் அதன் பெயர் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. ஏபில்டன் லைவ் அதை சி3 என்று காட்டும். எஃப்எல் ஸ்டூடியோ சி5 என்று காட்டும். சி4 என்று எழுதுவோரும் உண்டு. கற்றுக்கொடுக்கும் வீடியோவில் வரும் சுரத்துக்கும் உங்கள் திரையில் தெரியும் பெயருக்கும் ஒன்றிரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) வித்தியாசம் இருந்தால், பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

கேபிளும் கணினியும்

இன்று விற்கப்படும் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் தனி டிரைவர் எதுவும் இல்லாமலேயே இயங்குபவை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் யூஎஸ்பி மிடி கருவிகளைத் தாமாகவே அடையாளம் கண்டுகொள்கின்றன. தயாரிப்பாளர் தனி டிரைவரோ ஃபர்ம்வேர் புதுப்பிப்போ தந்திருந்தால் அதை முதலிலேயே நிறுவிவிடுங்கள். பாதி வேலையில் நிறுவினால் போர்ட்டின் (மென்பொருள் கருவியோடு பேசும் மிடி வாயிலின்) பெயர் மாறி, செய்த அமைப்புகளையெல்லாம் மீண்டும் செய்ய நேரிடலாம்.

கேபிளை மட்டும் அலட்சியமாக எண்ண வேண்டாம். ஒருமுறை நான் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இதில் இழந்தேன். கன்ட்ரோலரில் விளக்குகள் எரிந்தன, விரலால் தட்டும் சதுரப் பொத்தான்களான பேட்களைத் தட்டினால் நிறம் மாறியது, ஆனால் கணினியோ அப்படி ஒரு கருவி இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவினேன். மென்பொருளையும் நீக்கி மீண்டும் நிறுவினேன். கடைசியில் பார்த்தால், மேசையில் கிடந்ததை எடுத்துச் செருகிய அந்தக் கேபிள் போனுக்குச் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் வகை. அதில் மின்சாரம் போகும், தகவல் போகாது. விளக்கு எரிவது இணைப்புக்குச் சான்று அல்ல என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். கருவியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் யூஎஸ்பி ஹப் எதுவும் இடையில் இல்லாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். எல்லாம் சரியாக இயங்கத் தொடங்கிய பிறகு ஹப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பழைய ஐந்து ஊசி மிடி துளையுள்ள கருவியாக இருந்தால், அதன் மிடி அவுட் துளையிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் (கணினியோடு இணைக்கும் வெளி ஒலிப்பெட்டியின்) மிடி இன் துளைக்கு கேபிள் செல்ல வேண்டும். அவுட்டை அவுட்டோடு இணைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. சிறிய கருவிகளில் ஹெட்போன் துளை போன்ற 3.5 மில்லிமீட்டர் மிடி துளை இருக்கும். அதில் ஏ வகை, பி வகை என இரண்டு உண்டு. இரண்டிலும் கம்பிகள் மாறியிருப்பதால், தவறான அடாப்டரில் கேபிள் கச்சிதமாகப் பொருந்தினாலும் ஒரு செய்திகூடக் கடக்காது.

மென்பொருளைத் திறக்கும் முன்பே கணினி கருவியைப் பார்க்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற பயன்பாட்டைத் திறந்து, மிடி ஸ்டூடியோ சாளரத்துக்குப் போனால் கருவியின் படம் தெரிய வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில், ஒலிக் கருவிகளின் பட்டியலில் அதன் பெயர் இருக்கும். இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்பினால், வரும் செய்திகளை வரிவரியாகக் காட்டும் சிறு பயன்பாடுகள் உள்ளன: விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர். கட்டையை அழுத்தியதும் 60, 100 என்று வரி ஓடினால் கேபிள், கருவி, கணினி மூன்றும் குற்றமற்றவை என்று தீர்ந்தது. பார்த்து முடித்ததும் அந்தப் பயன்பாட்டை மறக்காமல் மூடிவிடுங்கள். விண்டோஸில் பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரே மென்பொருளுக்குத்தான் மிடி போர்ட்டைத் தருகின்றன; அந்தச் சிறு பயன்பாடோ, மிடி வசதியுள்ள ஏதோ ஓர் இணையப் பக்கமோ போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், இசை மென்பொருளுக்கு அது கிடைக்காது.

மென்பொருளுக்குள்

கன்ட்ரோலரைச் செருகிவிட்டு அதன் பிறகு மென்பொருளைத் திறப்பது பாதுகாப்பான வரிசை. ஏனெனில் சில மென்பொருள்கள் திறக்கும் நேரத்தில் மட்டுமே கருவிகளைத் தேடுகின்றன.

ஏபில்டன் லைவில் அமைப்புகளின் மிடி பக்கத்தில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் எதிரே டிராக், சிங்க், ரிமோட் என்ற தேர்வுகள் இருக்கும். இந்த மூன்றின் வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்ற மென்பொருள்களின் அமைப்பும் புரிந்துவிடும் என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கலாம். டிராக் என்பது சுரங்களை இசைக்கருவிக்குள் அனுமதிப்பது. ரிமோட் என்பது குமிழ்களும் பொத்தான்களும் மென்பொருளின் கட்டுப்பாடுகளை இயக்க அனுமதிப்பது. சிங்க் என்பது வெளிக்கருவியின் தாள வேகத்தோடு மென்பொருளை இணைப்பது. சாதாரணக் கீபோர்டுக்கு முதல் இரண்டும் போதும், சிங்க் தேவையில்லை. அதே பக்கத்தின் மேற்பகுதியில் கன்ட்ரோல் சர்ஃபேஸ் பட்டியலில் உங்கள் மாடலின் பெயர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; பிளே, ரெக்கார்டு பொத்தான்களும் குமிழ்களும் தாமாகவே பொருந்திக்கொள்ளும்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரே கன்ட்ரோலர் இரண்டு மூன்று போர்ட்களாகத் தெரியும்: ஒன்று சுரங்களுக்கானது, மற்றொன்று பிளே, ஸ்டாப், ஃபேடர் போன்றவற்றுக்கானது. இரண்டாவது பெரும்பாலும் மேக்கி கன்ட்ரோல் என்ற முறையில் பேசுகிறது. அந்த முறையில் பொத்தான்களின் செய்தியும் சுரச் செய்தியின் வடிவிலேயே வருகிறது. எனவே அந்தப் போர்ட்டுக்கும் டிராக்கை இயக்கிவிட்டால், நீங்கள் பிளே பொத்தானை அழுத்தும்போதெல்லாம் பியானோவில் உச்சத்தில் ஒரு சுரம் வீறிடும். சுரப் போர்ட்டுக்கு மட்டும் டிராக் என்பதைக் கைவிதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்எல் ஸ்டூடியோவில் எஃப்10 அழுத்தினால் மிடி அமைப்பு திறக்கும். உள்ளீட்டுப் பட்டியலில் கருவியைத் தேர்ந்து எனேபிள் என்பதை இயக்கினால் போதும். சேனல் ரேக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் கருவிக்கே சுரங்கள் போகும். ரீப்பரில் பிரிஃபரன்சஸ் சாளரத்தின் மிடி பகுதியில் உள்ளீட்டை இயக்கிய பிறகு, குமிழ்களும் வேலை செய்ய வேண்டுமானால் கன்ட்ரோல் செய்திகளுக்கான அனுமதியைத் தனியே தர வேண்டும். இது பலர் கண்ணில் படுவதில்லை. லாஜிக்கும் கராஜ்பேண்டும் கேட்காமலேயே எல்லா உள்ளீடுகளையும் ஏற்றுக்கொள்கின்றன. கியூபேஸில் ஸ்டூடியோ செட்டப் சாளரத்தின் மிடி போர்ட் பகுதியைப் பாருங்கள்.

இனி டிராக். ஆடியோ டிராக்கில் மிடி செய்திக்கு வேலையில்லை. இன்ஸ்ட்ருமென்ட் டிராக் அல்லது மிடி டிராக் ஒன்றைச் சேர்த்து, அதில் மென்பொருளோடு வரும் எளிய பியானோவை ஏற்றுங்கள். பல ஜிபி அளவுள்ள ஆர்கெஸ்ட்ரா தொகுப்பை முதல் சோதனைக்கு எடுக்க வேண்டாம்; அது ஏறி முடிக்கும் வரை அமைதியாக இருந்தால், தவறு உங்களுடையதா தாமதம் அதனுடையதா என்று தெரியாது. உள்ளீடாக எல்லா மிடி கருவிகளும், எல்லாச் சேனல்களும் என்று வையுங்கள். பிறகு டிராக்கை ரெக்கார்டிங்குக்கு ஆர்ம் செய்து (தயார் நிலையில் வைத்து), வாசிப்பதை உடனே கேட்கவைக்கும் மானிட்டர் இயங்குகிறதா என்று பார்த்து, கட்டையை அழுத்துங்கள்.

ஒலி வந்துவிட்டால் மகிழ்ச்சி. வராவிட்டால் டிராக்கின் மீட்டர்களே பதில் சொல்லும். மிடி விளக்கும் அசையவில்லை, ஒலி மீட்டரும் அசையவில்லை என்றால் செய்தி டிராக்குக்கே வந்து சேரவில்லை. மிடி அமைப்புக்கோ, ஆர்ம் பொத்தானுக்கோ, சேனல் தேர்வுக்கோ திரும்பிப் போங்கள். மிடி விளக்கு எரிகிறது, ஒலி மீட்டர் அசையவில்லை என்றால் செய்தி வந்துவிட்டது, அதை வாசிக்க ஆளில்லை: பிளக்இன் ஏற்றப்படவில்லை, அல்லது நீங்கள் அழுத்தும் சுரம் அந்தக் கருவியின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. இருபத்தைந்து கட்டைச் சிறு கீபோர்டில் ஆக்டேவ் பொத்தான் தெரியாமல் நாலைந்து முறை அழுத்தப்பட்டிருந்தால் இது நிச்சயம் நடக்கும். இரண்டும் அசைகின்றன, காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை என்றால் மிடிக்கும் இந்தச் சிக்கலுக்கும் தொடர்பே இல்லை; ஆடியோ வெளியீடு வேறு கருவிக்குப் போகிறது.

தாமதம்

கட்டையை அழுத்தியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே இடைவெளி தெரிந்தால் எல்லோரும் கன்ட்ரோலரைச் சந்தேகிக்கிறார்கள். பழைய ஐந்து ஊசி கேபிளின் வேகம் வினாடிக்கு 31,250 பிட். அதில்கூட ஒரு சுரச் செய்தி ஒரு மில்லிவினாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். தாமதம் உண்மையில் ஒலி வெளியேறும் பக்கத்தில் இருக்கிறது. கணினி ஒலியைத் துண்டு துண்டாகக் கணக்கிட்டு அனுப்புகிறது. அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். வினாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் சிறு அளவீடு) என்ற கணக்கில், 128 சாம்பிள் பஃபர் ஏறத்தாழ 3 மில்லிவினாடியும், 512 ஏறத்தாழ 12 மில்லிவினாடியும், 1024 ஏறத்தாழ 23 மில்லிவினாடியும் எடுத்துக்கொள்ளும். டிரைவரும் இன்டர்ஃபேஸும் இதற்கு மேல் கொஞ்சம் சேர்ப்பார்கள். வாசிக்கும்போது 128 அல்லது 256 வைத்து, கலவை வேலைக்குப் போகும்போது 1024க்கு உயர்த்துவது என் வழக்கம். பஃபரைக் குறைத்ததும் பொரிவது போன்ற சத்தம் வந்தால் கணினியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

விண்டோஸில் தாமதம் குறைந்த ஒலி டிரைவரான ஆஸியோவைத் தேர்ந்தெடுப்பது இன்றியமையாதது. ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் அதன் தயாரிப்பாளர் தரும் ஆஸியோ டிரைவரையும், இல்லாவிட்டால் ஆஸியோ4ஆல் போன்ற பொது டிரைவரையும் பயன்படுத்துங்கள். புளூடூத் ஹெட்போனில் வாசித்துப் பழகலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அதன் தாமதம் நூறு மில்லிவினாடியைத் தாண்டுவது சாதாரணம், எந்தப் பஃபர் அமைப்பாலும் அதைச் சரிசெய்ய இயலாது. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட புராஜெக்டில் மட்டும் தாமதம் தெரிந்தால், மாஸ்டர் டிராக்கில் உள்ள லிமிட்டரையோ லீனியர் ஃபேஸ் ஈக்வலைசரையோ அணைத்துப் பாருங்கள். ஒலியை முன்கூட்டியே பார்த்துச் செயல்படும் இத்தகைய பிளக்இன்கள் புராஜெக்ட் முழுவதையும் பின்னுக்கு இழுக்கும்.

குமிழ்கள், பேட்கள், பெடல்

குமிழைத் திருப்பும்போது சிசி எனப்படும் கன்ட்ரோல் செய்திகள் 0 முதல் 127 வரையிலான மதிப்போடு செல்கின்றன. சில எண்களுக்கு மரபான பொருள் உண்டு: சிசி 1 மாடுலேஷன் சக்கரம், சிசி 7 வால்யூம், சிசி 10 பேன், சிசி 11 எக்ஸ்பிரஷன், சிசி 64 சஸ்டெயின் பெடல். குமிழ்களுக்கு நீங்களே எண் ஒதுக்கினால் 120 முதல் 127 வரை உள்ளவற்றைத் தொடாதீர்கள். அவை சேனல் முழுவதற்குமான கட்டளைகள். உதாரணமாக 123 என்பது ஒலிக்கும் சுரங்கள் அனைத்தையும் நிறுத்தச் சொல்வது.

குமிழை ஒரு கட்டுப்பாட்டோடு பிணைக்கும் முறை எல்லா மென்பொருளிலும் ஏறத்தாழ ஒன்றே: திரையில் கட்டுப்பாட்டைத் தொட்டுக்காட்டி, கையில் குமிழைத் திருப்ப வேண்டும். லைவில் கன்ட்ரோல்-எம், மேக்கானால் கமாண்ட்-எம், இந்த நிலையைத் திறக்கும். எஃப்எல் ஸ்டூடியோவில் கட்டுப்பாட்டின் மேல் வலது கிளிக் செய்து லிங்க் டு கன்ட்ரோலர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லாஜிக்கில் கமாண்ட்-எல்.

பிணைத்த பிறகு வரும் தொல்லை ஒன்று உண்டு. திரையில் ஃபில்டர் 100இல் நிற்கிறது, கையிலுள்ள குமிழோ முன்பு வேறு வேலைக்குப் பயன்பட்டு 20இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். குமிழை மயிரிழை திருப்பினாலும் ஃபில்டர் 100இலிருந்து 21க்குத் தாவி, ஒலி திடீரென மங்கிவிடும். இதைத் தவிர்க்கப் பல மென்பொருள்களில் பிக்அப் என்ற தேர்வு உண்டு. குமிழ் 100ஐத் தொடும் வரை ஃபில்டர் அசையாமல் காத்திருக்கும். முடிவில்லாமல் சுழலும் குமிழ்கள் கொண்ட கன்ட்ரோலரில் ரிலேட்டிவ் முறையைக் கருவியிலும் மென்பொருளிலும் ஒன்றாக அமைத்தால் இந்தச் சிக்கலே எழாது; ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் மதிப்பு இரு முனைகளுக்கும் தாவித் துள்ளும். எட்டுக் குமிழ் இருக்கிறது என்பதற்காக எட்டையும் முதல் நாளே பிணைக்க வேண்டியதில்லை. ஃபில்டர், ரிவெர்ப் அளவு, வால்யூம் என மூன்றைக் கை பழகும் வரை வைத்துக்கொள்வது, எது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட மேலானது.

பேட்களும் சுரங்களைத்தான் அனுப்புகின்றன. பொது வழக்கில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹேட் 42, திறந்த ஹைஹேட் 46. பேட் தட்டினால் தவறான டிரம் ஒலித்தால் பேட்களின் பேங்க்கையோ ஆக்டேவையோ மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும். மெதுவாகத் தட்டினாலும் முழுச் சத்தம் வருகிறது என்றால் கன்ட்ரோலரின் வெலாசிட்டி வளைவு உங்கள் கைக்கு ஒவ்வாதது. அமைப்பில் அதை மென்மையிலிருந்து கடினத்துக்கு மாற்றுங்கள்.

சஸ்டெயின் பெடலைக் கன்ட்ரோலருக்கு மின்சாரம் வரும் முன்பே செருக வேண்டும். கால் அதன் மேல் இருக்கக் கூடாது. பல கீபோர்டுகள் தொடங்கும் கணத்தில் பெடல் இருக்கும் நிலையையே விடுபட்ட நிலை என்று எடுத்துக்கொள்கின்றன. பிறகு செருகினாலோ மிதித்தபடி தொடங்கினாலோ எல்லாம் தலைகீழாகலாம்: மிதித்தால் சுரம் நிற்கும், விட்டால் நீளும். ஒரு சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால், அது முடிந்தது என்ற செய்தி வழியில் தவறிவிட்டது. மென்பொருளில் உள்ள பேனிக் கட்டளை அதை நிறுத்தும். சொந்த ஒலியுள்ள சிந்தசைசரைக் கன்ட்ரோலராகப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்டால், கட்டைகளை அதன் சொந்த ஒலியோடு இணைக்கும் லோக்கல் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்ததும் அந்தப் புராஜெக்டை டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிணைத்த குமிழ்களும் ஆர்ம் செய்த டிராக்கும் அடுத்த முறை தயாராக இருக்கும். விண்டோஸ் பயன்படுத்துவோர் கன்ட்ரோலரை எப்போதும் ஒரே யூஎஸ்பி துளையில் செருகும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். துளை மாறினால் கணினி அதைப் புதிய கருவி என்று எண்ணிப் பெயருக்கு முன்னால் ஓர் எண்ணைச் சேர்த்துவிடக்கூடும். பழைய பெயரை எதிர்பார்த்திருக்கும் டெம்ப்ளேட் அதைக் கண்டுகொள்ளாது.